போன் மேல போட்ட பழி

நம்ம தேஹா பேட்டை குரூப்புல வாரம் தவறாம யாராவது ஒருத்தர் போன் செட்டிங்ஸைப் படம் புடிச்சுப் போடுறீங்க. புரியாத பேரா ஒண்ணு அதுல இருக்கும். "நான் இதைப் போடவே இல்லையே, என்னை வேவு பாக்குதா?"ன்னு ஒரு கேள்வி. கீழ வரிசையா "உடனே தூக்கு", "என் மச்சினிக்கும் இப்படித்தான் ஆச்சு"ன்னு பதில். நான் படிச்சுட்டு பேசாம போயிட்டிருந்தேன். போன வாரம் ஒருத்தர், "வளைஞ்ச கரண்டி முர்காவோட பாட்டையே போன்தான் திருடுச்சு, ஊருக்கே தெரியும்"னு எழுதியிருந்தீங்க. அதுக்கு மேல என்னால சும்மா இருக்க முடியல. அந்தப் பாட்டை எழுதினவ நான்.

புதுசா சேர்ந்தவங்களுக்கு என்னைத் தெரியாது. என் பேர் சுல்மா. எண்ணெய் ஆலைக்குப் பின்னாடி இருக்கிற பள்ளிக்கூடத்துல சமைக்கிறேன். பகல்ல பிள்ளைங்களுக்குச் சமையல், சாயந்திரம் முர்காவுக்குப் பாட்டு, அதான் கார்னிவல்ல கிண்டல் பாட்டுப் பாடுற கோஷ்டிக்கு. எங்க 'வளைஞ்ச கரண்டி' ஒண்ணும் பெரிய கோஷ்டி இல்ல. மூஞ்சில சாயம் பூசிக்கிட்டு மேடை ஏறுற பதினஞ்சு இருபது பேர், ஒரு பெரிய மேளம், ஒரு ஜோடி ஜால்ரா, அவ்வளவுதான். பெரிய கோஷ்டிங்க நேரா கார்னிவல் போட்டிக்குப் போயிடும். எங்கள மாதிரி சின்னதுங்க நவம்பர்ல தேர்வு மேடை ஏறிப் பாடி, அதுல தேறினாத்தான் கார்னிவல். தேறலன்னா அந்த வருஷம் சாயத்தை டப்பாவுலயே காய வைக்க வேண்டியதுதான்.

தேறுறதும் தேறாததும் கிண்டல் பாட்டுல இருக்கு. ஒரே ஒரு விஷயத்தைப் புடிச்சுக்கிட்டு, அதை ஆட்டி, குலுக்கி, சனத்தைச் சிரிக்க வச்சு, கடைசியில ஒரு அடி அடிக்கணும். போன வருஷம் நான் எழுதினது செத்துப்போன ஒருத்தனோட போனைப் பத்தி. பொணம் நடுக்கூடத்துல கெடக்கு. போன் சட்டைப்பையில. யாரோ ஒருத்தன் அனுதாபம் சொல்லி பொண்டாட்டிக்கு அனுப்புறதுக்குப் பதிலா அவனுக்கே அனுப்பிடுறான். உடனே பதில் வருது: "வண்டி ஓட்டிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்." தானா போற பதில் அது, செத்தவன் எப்பவோ அமைச்சு வச்சது. கூடியிருக்கிற சனம் பதறுது. எங்க ஓட்டுறான், யாரோட ஓட்டுறான்னு பொண்டாட்டி கேக்குறா. அப்படியே போகும் பாட்டு.

எங்க கோஷ்டியில ரெண்டு வழக்கம் இருக்கு. ஒத்திகைக்கு வந்ததும் எல்லாரும் போனை ஜால்ராப் பெட்டியில போட்டு கேன்டீன்ல குடுத்துடணும். யாரும் பதிவு பண்ணக் கூடாது. போன் வச்சுக்கிறது நான் ஒருத்திதான், ஏன்னா பாட்டு முழுசும் அதுலதான் இருக்கு. பஸ்ல போறப்போ மெட்டு வந்தா அதுலயே பாடி வச்சுக்குவேன். இன்னொரு வழக்கம், கடைசி வரி. அந்தக் கடைசி அடியை எங்கயும் எழுத மாட்டோம். தேர்வுக்கு முந்தின ஒத்திகையில நான் வாயால சொல்லுவேன், அவங்க காதால வாங்கிக்குவாங்க. அதுக்கு முன்னாடி அதைத் தெரிஞ்சிக்கிறது கோஷ்டியை நடத்துறவன் மட்டும்தான். மேளம் எங்க நிக்கணும்னு அவனுக்குத் தெரியணும் இல்லையா.

நடத்துறவன் வில்மார். துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவன். என் மகளுக்கு ஞானத்தகப்பன். என் வீட்டுக்காரர் போனப்போ சவப்பெட்டியோட முன் கைப்பிடியைப் புடிச்சவன். இதுக்கு மேல அவனைப் பத்திச் சொல்ல வேண்டாம்னு நெனைக்கிறேன்.

எங்களுக்குப் பத்து நாள் முன்னாடி "ஓட்டைக் குடை" கோஷ்டி தேர்வு மேடை ஏறுச்சு. பெரிய கோஷ்டிதான், முந்தின கார்னிவல்ல பின்தங்கினதால அந்த வருஷம் அவங்களும் தேர்வு ஏற வேண்டியதாப் போச்சு. நான் வீட்டுல வெங்காயம் நறுக்கிக்கிட்டு ரேடியோவுல கேட்டுட்டிருந்தேன். கிண்டல் பாட்டு ஆரம்பிச்சுது. பொணம். போன். "வண்டி ஓட்டிட்டிருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்."

கத்தியைக் கீழ வச்சேன். முதல்ல, நம்ம பாட்டை ஏன் ரேடியோவுல போடுறாங்கன்னுதான் தோணுச்சு. அப்புறம்தான் குரல் வேறன்னு உறைச்சுது. வார்த்தை ஒண்ணு ரெண்டு மாத்தியிருந்தாங்க. மெட்டு வேற. மத்ததெல்லாம் என்னோடது. பாதியிலயே ரேடியோவை அமுக்கிட்டேன். கேட்டுக்கிட்டு இருக்க முடியல.

மறுநாள் ஒத்திகை நடக்கிற கிளப்புல கூடினோம். பெரிய மேளம் அடிக்கிற ஹெபர்தான் கேன்டீனும் பாத்துக்கிறான். வாயில நரம்பு இல்லாதவன், மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டான்.

"சுல்மா, நான் சுத்தி வளைச்சுப் பேசல"ன்னான். "எங்க போனெல்லாம் பெட்டிக்குள்ள. முழுப் பாட்டும் உன் போன்ல. அப்ப யார்கிட்ட இருந்து போயிருக்கும்?"

"நான் குடுத்தேங்குறியா?"

"நான் அப்படிச் சொல்லல. கேக்குறேன்."

"நீ கேக்குறது எனக்குச் சொல்ற மாதிரிதான் இருக்கு."

இருபது வருஷமா என் கையால சாப்பிட்டவங்க. ஒருத்தன் தன் செருப்பைப் பாக்குறான், இன்னொருத்தன் செவுத்துல மாட்டின கோப்பையைப் பாக்குறான். அப்பத்தான் வில்மார் எழுந்தான்.

"இவ வித்திருப்பான்னு நெனைக்கிறவன் என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்கடா"ன்னான். என் பக்கம் கையை நீட்டினான். "கெழவி, போனைக் குடு."

என்னை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். என்னை விட நாலு வயசு மூத்தவன், ஆனாலும் நான்தான் கெழவி.

செட்டிங்ஸைத் திறந்து, ஆப்ஸ் எல்லாம் காட்டுன்னு அமுக்கி, மேல ஒரு மூலையில சிஸ்டம் ஆப்ஸையும் காட்டுன்னு இன்னொண்ணை அமுக்கினான். வந்துச்சு பாருங்க ஒரு பட்டியல். என் போனுக்குள்ள அவ்வளவு பேர் குடியிருக்காங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது. எனக்குத் தெரிஞ்சது பத்துப் பன்னெண்டு படம்தான். இங்க பாத்தா விரலால தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கு.

"இது என்ன?"ன்னு ஒண்ணைத் தொட்டான். ஆண்ட்ராய்டு சிஸ்டம் இன்டெலிஜென்ஸ்னு பேர். "நீ போட்டியா?"

"இல்ல."

"மைக் அனுமதி இருக்கு பாரு. நீ குடுத்தியா?"

"இல்ல வில்மார்."

"பேரைப் பாருங்கடா, உளவுத்துறை பேர் மாதிரியே இல்ல? இவ பஸ்ல பாடினா அது கேக்குது. எங்கேயோ அனுப்புது. எவனோ காசுக்கு வித்திருக்கான். அவ்வளவுதான் கதை."

அப்போ அந்த ரூம்ல எல்லார் மூஞ்சியும் எப்படி எளகுச்சுன்னு எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. திருடன் நம்மள்ல ஒருத்தன் இல்ல. திருடன் ஒரு சாமான். ஹெபர் வந்து என் தோள்ல கையைப் போட்டான். தன் போனை எடுத்துட்டுப் போய் பீர் வைக்கிற பெட்டிக்குள்ள போட்டான்.

"குளிர்ல காது அடைச்சிக்கும்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அழுதுகிட்டே சிரிச்சேன்.

வில்மார் அங்கயே சொன்னான்: "கெழவி, அவனுங்க நம்ம பாட்டை எடுத்துட்டுப் போகட்டும். திருட்டுப் போனைப் பத்தியே ஒரு பாட்டு எழுது. மேடையில வச்சு அவனுங்க மானத்தை வாங்குவோம்." நல்ல யோசனைன்னு எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு. எனக்கும்தான். ஒரு வாரத்துல எழுதணும். ரெண்டே நாள்ல எழுதினேன், அவ்வளவு கோவம் எனக்குள்ள. போன் ஒரு வேலைக்காரி வேஷத்துல வீட்டுக்குள்ள வருது, கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேக்குது, சந்தையில கொண்டு போய் விக்குது. என் வாழ்க்கையில எழுதினதுலயே சிரிப்பான பாட்டு அதுதான்.

சனிக்கிழமை மழை. வில்மார் எங்க வீட்டுக்கு மாவுப் பூரி பொரிச்சு எடுத்துட்டு வந்தான். மழை பெஞ்சா அது இல்லாம நமக்கு ஆகாதே. நான் மாத்தே டீ போட்டேன். சமையல் மேசையில உக்காந்து என் போனைச் 'சுத்தம்' பண்ண ஆரம்பிச்சான்.

"பிரிண்ட் ஸ்பூலர். உங்கிட்ட பிரிண்டர் இருக்கா?"

"பிரிண்டரா? எங்கிட்ட ஒழுங்கான சட்டியே இல்ல."

"அப்ப இவன் எதுக்கு உக்காந்திருக்கான்? தூக்கு." அமுக்கினான். "வெப்வியூ. இது என்ன, வேடிக்கை பாக்குறவனா? தூக்கு. கேரியர் சர்வீசஸ். எதைக் கேரி பண்றான், யாருக்குக் கேரி பண்றான்? தூக்கு."

"இதெல்லாம் தூக்கினா போன் செத்துடாதே?"

"நீயும் நானும் சின்ன வயசுல எந்த சர்வீசோட வளந்தோம்? ஒண்ணும் ஆகாது. இதோ, பின்னாடி ஓடுறதெல்லாம் நிறுத்திட்டேன். பேட்டரியும் நிக்கும் பாரு."

எண்ணெய் படிஞ்ச விரலால ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டே வந்தான். அந்த இன்டெலிஜென்ஸை மட்டும் கடைசியா விட்டு வச்சிருந்தான். "இதை நீயே அமுக்கு. உன் கையாலயே ஆகட்டும்"னான். அமுக்கினேன். எனக்கு ஒரு பேயை வீட்ட விட்டுத் துரத்தின மாதிரி இருந்துச்சு. போறப்போ கன்னத்துல முத்தம் குடுத்துட்டு, "இனிமே தைரியமா பாடு"ன்னு சொல்லிட்டுப் போனான்.

திங்கக்கிழமையில இருந்து தொல்லை ஆரம்பிச்சுது. பேங்க் ஆப்பைத் தொட்டா திறக்குது, உடனே மூடிக்குது. பஸ் கார்டுல காசு போட முடியல. பள்ளிக்கூடத்துல இருந்து வர்ற தகவல் எதுவும் மணி அடிக்கல, நானா உள்ள போய்ப் பாத்தாத்தான் உண்டு. பால் வண்டி வராதுன்னு தலைமை டீச்சர் காலையிலயே எழுதியிருக்காங்க. நான் பாக்கல. அரிசிப் பாயசத்துக்குப் போட்ட அரிசி அடுப்புல, பால் இல்ல, பிள்ளைங்க தட்டோட வரிசையில. "நீங்க இப்படிப் பண்ண மாட்டீங்களே சுல்மா"ன்னு டீச்சர் சொன்னாங்க. திட்டியிருந்தாக் கூடத் தேவலை.

அதனால ஷெர்லிகிட்ட போனேன். சந்தைத் தெருவுல சாவிக்கடைக்குப் பக்கத்துல போன் ரிப்பேர் பண்றாளே, அவதான். என் போனை அவளுக்கு நல்லாத் தெரியும். செப்டம்பர்ல, வசந்தம் ஆரம்பிச்சப்போ, அது பருப்புப் பானையில விழுந்து, பேட்டரியைக் கழட்டி, பிரிச்சுப் போட்டு, ஒரு வாரம் அவகிட்டயேதான் இருந்துச்சு.

"என்னக்கா, இந்தத் தடவை எந்தக் குழம்புல?"ன்னு கேட்டா.

விஷயத்தைச் சொன்னேன். செட்டிங்ஸைத் திறந்து பாத்துட்டு விசில் அடிச்சா.

"யாருக்கா இதைப் பண்ணினது? வீட்டைச் சுத்தம் பண்றேன்னு தூணை எடுத்திருக்காங்க." வெப்வியூவைக் காட்டினா. "இது ஒரு ஜன்னல் கண்ணாடி. பேங்க் ஆப்புக்குள்ள ஏதாவது பக்கம் திறக்கணும்னா இது வழியாத்தான். நீங்க கண்ணாடியைக் கழட்டிட்டா அது எதைக் காட்டும்? மூடிக்குது." அதைத் திரும்பப் போட்டா. "பின்னாடி ஓடுறதை எல்லாம் நிறுத்தி வச்சிருக்கீங்க, அப்புறம் தகவல் வந்தா மணி அடிக்க யார் இருக்கா? பிரிண்ட் ஸ்பூலர், பாவம், அது பிரிண்டர் வந்தா வேலை செய்யலாம்னு தூங்கிட்டுக் கெடக்கு."

"அப்ப அந்த இன்டெலிஜென்ஸ்? அதுக்கு மைக் இருக்கே."

"இருக்கு. பேசுறதை எழுத்தாக் காட்டுறது, எதையாவது காப்பி பண்ணினா அது போன் நம்பரா, விலாசமான்னு கண்டுபுடிக்கிறது, அந்த மாதிரி சில்லறை வேலைங்க அதோடது. வாங்க, காட்டுறேன்." அதோட அனுமதி எல்லாத்தையும் விரிச்சா. "மைக் இருக்கு. கேமரா இருக்கு. இப்ப நெட் இருக்கா தேடுங்க."

தேடினேன். இல்ல.

"இது எவ்வளவு டேட்டா வெளிய அனுப்பியிருக்குன்னு பாருங்க."

பூஜ்யம்.

"காது இருக்குக்கா, வாய் இல்ல. கேட்டாலும் போனுக்குள்ளயேதான். எல்லாம் யோக்கியம்னு நான் சொல்ல வரல. இந்தப் பட்டியல்ல பாதி எனக்கே என்னன்னு தெரியாது. வேவு பாக்குற ஆப்பும் உண்டு, போன வாரம் ஒரு பொண்ணு போன்ல இருந்து எடுத்தேன், அவ புருஷன் வச்சது. அதையும் உங்க போன்ல தேடிட்டேன். இல்ல. ஒரு சாமானை சந்தேகப்பட்டா அது பேரைப் பாக்காதீங்க, அதுக்கு வெளிய போற கதவு இருக்கான்னு பாருங்க."

அப்ப எப்படிப் பாட்டு வெளிய போச்சுன்னு கேட்டேன்.

"அது எனக்கு என்ன தெரியும்? அந்தப் பாட்டா? ஓட்டைக் குடை பாடினதா?" சிரிக்க ஆரம்பிச்சுட்டா. "அது உங்களோடதா? நான் ரேடியோவுல கேட்டேன். கடைசியில அந்தப் பொண்டாட்டி சொல்றாளே, அதுக்கு நான் ஸ்க்ரூடிரைவரைக் கீழ போட்டுட்டேன். 'உசுரோட இருந்தப்போ ஒரு நாளும் பதில் போடாத மனுஷன், இப்பத்தான் ஒழுங்கா பதில் போடுறான். யாரும் அழுது அவரை எழுப்பிடாதீங்க.' எப்படிக்கா தோணுச்சு உங்களுக்கு?"

நான் அவ கவுண்டரைப் புடிச்சுக்கிட்டேன்.

எப்படித் தோணுச்சுன்னு எனக்குத் தெரியும். எங்க தோணுச்சுன்னும் தெரியும். ஆத்தோரக் கட்டைச் செவுத்துல உக்காந்து மாத்தே குடிச்சுக்கிட்டு இருந்தப்போ தோணுச்சு. உடனே வாய் விட்டுச் சொன்னேன். பக்கத்துல உக்காந்திருந்தவன் சிரிச்ச சிரிப்புல மாத்தே மூக்கு வழியா வந்துச்சு. அதுக்கு அப்புறம் அந்த வரியை நான் எழுதல, பாடல, தூக்கத்துல கூடச் சொல்லல. அன்னைக்கு என் போன் இதே கடையில, இதே மேசையில, வயித்தைக் கிழிச்சு, பேட்டரி தனியா கெடந்துச்சு. வில்மார் தன் போனைக் கிரேன்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டான், அதுக்காகத் திரும்பப் போகணும்னு புலம்பிட்டிருந்தான்.

"அக்கா, உக்காருங்க. சர்க்கரை இருக்கா உங்களுக்கு?"

"இல்லடி. ஒண்ணும் இல்ல."

காசு வாங்க மாட்டேன்னுட்டா. சிரிக்க வச்சதுக்குக் கழிச்சுக்கிறேன்னா.

நேரா துறைமுகக் கேட்டுக்குப் போனேன். ஷிப்ட் முடிஞ்சு வெளிய வந்தான், என்னைப் பாத்ததும் கையை விரிச்சான். ஒத்திகைக்குக் கூப்பிட வந்தியான்னு கேட்டான்.

"எழுப்பிடாதீங்கன்னு பாடியிருக்காங்களாம் வில்மார்."

"யாரு?"

"ஓட்டைக் குடை. நான் கடைசி வரைக்கும் கேக்கல. ஷெர்லி கேட்டிருக்கா."

அவன் பொய் சொல்லப் பாக்கல. அதை ஒத்துக்கணும். கைப்பையைத் தோள் மாத்திக்கிட்டான்.

"அடுத்த வருஷம் நான் அங்க போறேன், நடத்துறதுக்கு"ன்னான். "கார்னிவல் முடிஞ்சதும் எல்லாரும்தான் கோஷ்டி மாறுறாங்க. அது ஒண்ணும் பாவம் இல்ல."

"மாறுறது பாவம் இல்ல."

"வெறுங்கையோட வர்றவனை அவங்க எடுக்க மாட்டாங்க சுல்மா. எனக்கு இத்தனை வயசாச்சு. வருஷா வருஷம் இந்தத் தேர்வு, இந்தக் கும்பல், ஹெபரோட தப்புத் தாளம். ஒரு தடவை பெரிய மேடையில நான் நிக்கக் கூடாதா? உனக்கென்ன, உனக்குள்ள இன்னும் பத்துப் பாட்டு இருக்கு. எனக்கு இருந்தது உன் பாட்டு ஒண்ணுதான்."

சுல்மான்னு அவன் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு. அதுதான் எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்துச்சு.

"பாட்டை எடுத்ததைக் கூட விடு. என் சமையல்கட்டுல உக்காந்து என் போனை நோண்டினியே. என் கையாலயே அமுக்க வச்சியே. அது எதுக்கு?"

"உன்னைக் காப்பாத்தத்தான். அவனுங்க உன்னைத் திருடின்னாங்க. நான் போன் மேல போட்டேன். போனுக்கு வலிக்குமா?"

"என்னை அந்தப் பேர்ல நிறுத்தினதே நீதானே."

"அதான் எடுத்தும் விட்டேன்"ன்னான். கொடுத்த கடனைத் தள்ளுபடி பண்றவன் மாதிரி சொன்னான்.

அன்னைக்கு சாயந்திரம் கிளப்புல எல்லார் முன்னாடியும் சொன்னேன். வில்மாரும் இருந்தான். கடைசி வரி யாருக்குத் தெரியும், போன் அப்போ எங்க கெடந்துச்சு, அந்த ஆப்புக்கு நெட் அனுமதியே இல்ல, எல்லாத்தையும் வரிசையாச் சொன்னேன். செட்டிங்ஸைத் திறந்து ஹெபர் கையில குடுத்தேன். அவன் வாங்கினான். ஆனா பாக்கல.

"எனக்கு இதெல்லாம் புரியாது சுல்மா"ன்னான்.

"போன வாரம் புரிஞ்சுதே. இவன் காட்டினப்போ புரிஞ்சுதே."

"ஞாயித்துக்கிழமை மேடை. இவன் இல்லாம யார் நடத்துறது?"

"அது வேற கேள்வி."

"எனக்கு அது ஒண்ணுதான் கேள்வி. அதுவும் இல்லாம..." இழுத்தான். "நாம பாடப் போறதே திருட்டுப் போன் பாட்டு. போன் திருடலன்னா நாம எதைப் பாடுறது?"

யாரோ ஒருத்தன் அதுக்குச் சிரிச்சான். நான் வில்மாரைப் பாத்தேன். நேத்து வரைக்கும் என் பக்கம் பேசினவன், அவங்க பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவா, "அவளைத் தொந்தரவு பண்ணாதீங்கடா. பாட்டு போனதுல இருந்து அவ தூங்கவே இல்ல"ன்னான். அக்கறையாத்தான் சொன்னான். அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் அது தூங்காதவ பேச்சு.

ஒருத்தர் கூட என்னைப் பொய்க்காரின்னு சொல்லல. நான் சொன்னது நெஜம்னு பாதிப் பேருக்காவது அங்கயே தெரியும். அது எனக்கும் தெரிஞ்சுது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தெரியாம இருக்கலாம்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. ஜால்ராப் பெட்டியில போனைப் போட ஆரம்பிச்சாங்க. நான் என் போனை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

தேறிட்டாங்க. உங்களுக்கே தெரியும். தேர்வு நடக்கிற கோடை அரங்கத்துல சனம் எழுந்து நின்னு சிரிச்சுது. திருட்டுப் போன் பாட்டை கார்னிவல் முழுக்க பேட்டை பேட்டையாப் பாடினாங்க. பிள்ளைங்க அதைப் பள்ளிக்கூடத்துல சாப்பாட்டு வரிசையில நின்னு பாடுறாங்க. நான் கரண்டியோட நிக்கிறேன். நான் எழுதின பாட்டு அது. அதுல ஒரு வரி கூட நெஜம் இல்ல. அதை வச்சுத்தான் நீங்க எல்லாரும், போன்தான் திருடுச்சுன்னு இங்க எழுதுறீங்க. கிளப்புக்குப் பின்னாடி இன்னொரு பேச்சும் ஓடுது, எனக்குக் காது கேக்கும்: போன்லாம் சும்மா, சுல்மாதான் வித்தா, அதான் கோஷ்டியை விட்டே போயிட்டா.

கார்னிவல் முடிஞ்சதும் வில்மார் ஓட்டைக் குடைக்குப் போனான். மறுநாளே ஹெபர் கூப்பிட்டான்.

"நீ சொன்னது சரிதான் சுல்மா. பயல் நம்மளை வித்துட்டான். நீ வா. பாட்டு எழுத ஆள் இல்ல."

"நான் சொன்னது சரின்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. வர்றேன்."

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியும்னா சொல்றதுக்கு என்ன?"

"பழசை எதுக்குக் கிளறணும்? அந்தப் பாட்டால நமக்கு நல்ல பேர் வந்திருக்கு. அது பொய்னு நாமளே சொன்னா நல்லாவா இருக்கும்?"

"உங்களுக்கு நல்ல பேர் வந்திருக்கு"ன்னு சொல்லி வச்சுட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு மூணு தடவை கூப்பிட்டான். கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தர்ற இனிப்பு ரொட்டியை இப்பவே வாங்கித் தர்றேங்குறான். என் மகள் கூட, போதும்மா, போங்குறா. போகணும்னு எனக்கும் இருக்கு. சாயந்திரம் ஆச்சுன்னா கிளப்புப் பக்கத்துல இருந்து மேளச் சத்தம் வருது, ஹெபர் இன்னமும் ரெண்டாவது அடியில தப்பு பண்றான், எனக்கு அது வீட்டுக்குள்ள இருந்தே கேக்குது.

போன்ல புரியாத பேர் இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டீங்களே. ஷெர்லி சொன்னதை மேல எழுதிட்டேன், அதுக்கு மேல எனக்குத் தெரியாது. வேணும்னா அவகிட்டயே போங்க. என் போன்ல இப்ப எல்லாம் பழையபடி ஓடுது. மணி அடிக்குது. பால் வண்டி வரலன்னா தெரியுது.

ஹெபர், நீயும் இந்தக் குரூப்புல இருக்கே, இதைப் படிப்பே. பாட்டு எழுதித் தர்றேன். இதுக்குக் கீழ உன் பேர்ல ஒரு வரி எழுது, எல்லாரும் பாக்குற மாதிரி. அப்புறம் கூப்பிடு.